கெர்னல் பில்ட் பாதியில் நின்றால் கான்ஃபிக்கில் எங்கே தேடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸின் கான்ஃபிக் கோப்பை பூட் அடைவிலிருந்து நகலெடுத்து, புதிதாக இறக்கிய கெர்னல் சோர்ஸில் போட்டு 'மேக்' கொடுத்திருக்கிறீர்கள். முதலில் ஒரு சான்றிதழ்க் கோப்பு இல்லை என்று நின்றது. அந்த வரியை அழித்தீர்கள். அடுத்த முறை இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு, முடியப்போகிற நேரத்தில் 'பிடிஎஃப்' என்று ஏதோ சொல்லி நின்றது. பொறுமை போய், மெனுகான்ஃபிக்கில் (ஆப்ஷன்களை இயக்கி அணைக்கும் மெனு) தேவையில்லை என்று தோன்றியதையெல்லாம் அணைத்தீர்கள். இப்போது 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வருகிறது. இப்படி ஒவ்வொன்றாகத் துரத்துவதுதான் வழியா, இல்லை முறையாகப் பார்க்க முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முறையாகப் பார்க்கலாம். நீங்கள் சந்தித்த மூன்றும் மூன்று வேறு வகைப் பிழைகள். ஒன்றுக்குச் செய்த வைத்தியம் அடுத்ததற்கு உதவாது என்பதால்தான் முடிவே இல்லாமல் இழுக்கிறது. ஆனால் மூன்றுக்கும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: நின்றுபோன இந்தக் கோப்பை பில்டுக்குள் கொண்டுவந்த ஆப்ஷன் எது, அந்த ஆப்ஷனுக்கு இந்த மதிப்பைக் கொடுத்தது யார்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எதையும் அணைக்காதீர்கள். குருட்டாம்போக்கில் அணைத்துப் பார்ப்பது பிழையைத் தீர்க்காது, வேறு இடத்துக்குத் தள்ளிவிடும். உங்கள் மூன்றாவது பிழை அப்படி வந்ததுதான்.

முதலில் .கான்ஃபிக் கோப்பு என்றால் என்ன என்று சரியாகப் புரிந்துகொள்வோம். பலர் அதை ஒரு விருப்பப் பட்டியல் போல நினைக்கிறார்கள். உண்மையில் அது விடைத்தாள். கேள்விகள் சோர்ஸ் முழுவதும் கேகான்ஃபிக் என்ற பெயருள்ள கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. ரோமன் ஸிப்பெல் எழுதிய இந்த அமைப்பு 2002-இல், 2.5.45 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. இன்றைக்கு அதில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்ஷன்கள் இருக்கின்றன. 'இது இருந்தால்தான் அது', 'இதைப் போட்டால் அதுவும் வரும்' என்ற விதிகளும் அங்கேயேதான் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் பூட் அடைவிலிருந்து எடுத்தது வேறு ஒருவர், வேறு ஒரு சோர்ஸை வைத்துக்கொண்டு, வேறு ஒரு கணினியில் எழுதிய விடைத்தாள். அவரிடம் இருந்த கோப்புகளும் கருவிகளும் உங்களிடம் இல்லாவிட்டால், அவர் எழுதிய சரியான விடை உங்களுக்குத் தவறாகிவிடும்.

உங்கள் முதல் பிழை அப்படிப்பட்டதுதான். 'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்று தொடங்கி, 'டெபியன்' என்ற அடைவுக்குள் இருக்கும் ஒரு பெம் கோப்பின் பெயரைச் சொல்லியிருக்கும். டெபியன், உபுன்டு வகை டிஸ்ட்ரோக்கள் தங்கள் சான்றிதழைக் கெர்னலுக்குள்ளேயே வைத்துக் கட்டுகின்றன. அந்தச் சான்றிதழ் அவர்களுடைய பேக்கேஜ் சோர்ஸில்தான் இருக்கிறது, கெர்னல்.ஆர்க் தரும் சோர்ஸில் இல்லை. சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ் என்ற ஆப்ஷனின் மதிப்பை வெற்று மேற்கோளாக மாற்றினால் போதும். கூடவே சிஸ்டம்_ரிவொகேஷன்_கீஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அதையும் பாருங்கள். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு 'சரிசெய்தும் அதே பிழை வருகிறது' என்று சொல்பவர்கள் அதிகம். அது அதே பிழை இல்லை, கோப்பின் பெயரில் 'ரிவோக்ட்' என்று சேர்ந்திருக்கும். மாட்யூல்களில் கையெழுத்திட வேண்டிய சாவியைப் பற்றிக் கவலை வேண்டாம். அது தனி ஆப்ஷன், இயல்பான மதிப்பில் விட்டிருந்தால் பில்டே புதிதாக ஒரு சாவியை உருவாக்கிக்கொள்ளும்.

அடுத்து, உண்மையான பிழை எது என்று கண்டுபிடிப்பதைப் பற்றி. இதில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். 'மேக்' பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும்போது, பிழை வந்த பிறகும் மற்ற வேலைகள் தங்கள் வரிகளை அச்சிட்டுக்கொண்டே போகும். திரையின் அடியில் நிற்கும் 'எரர் 2' என்ற வரிகள் வெறும் எதிரொலி. ஓர் அடைவு தோற்றதால் அதன் மேல் அடைவு தோற்றது, அதனால் அதற்கும் மேலே உள்ளது தோற்றது என்று மட்டுமே அவை சொல்கின்றன. விஷயம் நூறு வரிக்கு மேலே இருக்கலாம். ஆகவே வெளியீட்டை 'டீ' கமாண்ட் வழியாக ஒரு கோப்பில் சேமியுங்கள், எரர் ஸ்ட்ரீமையும் சேர்த்து. பிழை வந்ததும் அப்படியே இன்னொரு முறை, இந்தத் தடவை ஒரே ஒரு வேலையாக, 'வி=1' சேர்த்து ஓட்டுங்கள். ஏற்கனவே முடிந்ததை மேக் திரும்பச் செய்யாது. நேராகத் தோற்கும் இடத்துக்குப் போய், முழு கம்பைலர் கட்டளையையும் காட்டிவிட்டு நிற்கும். அங்கே கிடைக்கும் முதல் பிழை வரிதான் உங்களுக்கு வேண்டியது.

அந்த வரியில் 'கில்ட்' என்ற சொல் இருந்தால், கான்ஃபிக்கைத் தொடாதீர்கள். மெமரி போதாமல் கெர்னல் உங்கள் கம்பைலரை நிறுத்தியிருக்கிறது. இணையாக ஓடும் வேலைகளைக் குறையுங்கள். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று இருந்தால் டிஸ்க் நிறைந்துவிட்டது. டிஸ்ட்ரோ கான்ஃபிக்கில் டீபக் தகவல் இயங்கியிருக்கும், அதோடு முழு பில்டும் எளிதாகப் பத்து இருபது ஜிகாபைட்டைத் தாண்டும்.

சரி, பிழை உண்மையில் கான்ஃபிக்கால்தான் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சோதனை போதும். 'ஓ=' கொடுத்து வேறொரு காலி அடைவில் 'டெஃப்கான்ஃபிக்' (சோர்ஸோடு வரும் இயல்பான கான்ஃபிக்) போட்டு அதைக் கட்டிப் பாருங்கள். சோர்ஸுக்குள் ஏற்கனவே பில்ட் செய்திருந்தால் 'சோர்ஸ் சுத்தமாக இல்லை, எம்ஆர்ப்ராப்பர் ஓட்டு' என்று மறுக்கும். கவனம், எம்ஆர்ப்ராப்பர் உங்கள் .கான்ஃபிக்கையும் சேர்த்து அழித்துவிடும். அதை ஓட்டும் முன் கோப்பை வெளியே எங்காவது நகலெடுத்து வையுங்கள். டெஃப்கான்ஃபிக்கே கட்டப்படவில்லை என்றால் குற்றம் கம்பைலரிலோ கருவிகளிலோ இருக்கிறது. பழைய கெர்னலைப் புதிய ஜிசிசியால் கட்டினால் இப்படி ஆகும்: ஜிசிசி 15 இயல்பாகவே சி23 தரத்துக்கு மாறிவிட்டதால் 'ஃபால்ஸ்', 'ட்ரூ' என்ற சொற்களை ஒட்டி வரும் பிழை அதற்கு நல்ல உதாரணம். அதற்குக் கான்ஃபிக்கில் மருந்து இல்லை. டெஃப்கான்ஃபிக் ஒழுங்காகக் கட்டப்பட்டு உங்களுடையது மட்டும் நின்றால், மேலே படியுங்கள்.

கான்ஃபிக்கால் வரும் பிழைகளில் மிகச் சாதாரணமானது, ஆப்ஷன் கேட்கும் கருவியோ கோப்போ உங்கள் கணினியில் இல்லாததுதான். சான்றிதழ் அதில் ஒன்று. ஓஆர்சி அன்வைண்டர் இயங்கியிருந்தால் லிப்எல்ஃப் டெவலப்மென்ட் பேக்கேஜ் வேண்டும். இல்லையென்றால் அதன் பெயரையே சொல்லி நிற்கும். மாட்யூல் கையெழுத்துக்கு ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர்கள் வேண்டும். கெர்னலை இஸட்ஸ்டாண்டர்டு முறையில் சுருக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கருவி நிறுவியிருக்க வேண்டும், எல்இஸட்4 என்றால் அது. ஜிசிசி ப்ளகின்கள் இயங்கியிருந்தால் உங்கள் ஜிசிசி பதிப்புக்கே உரிய ப்ளகின் ஹெடர்கள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பேக்கேஜை நிறுவுவதே நல்ல தீர்வு. ஆப்ஷனை அணைப்பது இரண்டாம்பட்சம், ஏனென்றால் டிஸ்ட்ரோக்காரர்கள் காரணமில்லாமல் அதை இயக்கவில்லை.

எக்ஸ்ட்ரா_ஃபர்ம்வேர் மட்டும் கொஞ்சம் வஞ்சகமானது. கெர்னலுக்குள்ளேயே ஃபர்ம்வேரை வைத்துக் கட்ட அதில் கோப்புப் பெயர்களைக் கொடுப்பார்கள். அந்தக் கோப்பு ஃபர்ம்வேர் அடைவில் இருக்கிறதே என்று பார்த்தால், இப்போது பல டிஸ்ட்ரோக்கள் ஃபர்ம்வேரைச் சுருக்கிய வடிவில் வைக்கின்றன. பெயரின் பின்னால் 'எக்ஸ்இஸட்' அல்லது 'இஸட்எஸ்டி' ஒட்டியிருக்கும். மேக்குக்கு அந்தப் பெயர் தெரியாது, 'நோ ரூல்' என்று நிற்கும். விரித்த நகலை வேறு அடைவில் வைத்து, எக்ஸ்ட்ரா_ஃபர்ம்வேர்_டிர் ஆப்ஷனை அங்கே காட்டிவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது பிழைக்கு வருவோம். டீபக்_இன்ஃபோ_பிடிஎஃப் என்பது கெர்னலின் தரவு வகைகளைச் சுருக்கமாக விவரிக்கும் ஒரு பகுதியைக் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கும் ஆப்ஷன். அதை உருவாக்குவது 'பாஹோல்' என்ற கருவி. பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் 'ட்வார்வ்ஸ்' என்ற பேக்கேஜில் கிடைக்கும். எல்லாக் கோப்புகளும் கம்பைல் ஆகி, விஎம்லினக்ஸை (கெர்னல் முழுவதும் சேர்ந்த கோப்பு) லிங்க் செய்யும் கட்டத்தில்தான் இதற்கு வேலை. அதனால்தான் இரண்டு மணி நேரம் கழித்து நின்றது. 'பாஹோல் இல்லை' என்று சொன்னால் நிறுவுங்கள். 'லோட் பிடிஎஃப் ஃப்ரம் விஎம்லினக்ஸ்' தோற்றது, 'இன்வேலிட் ஆர்க்யுமென்ட்' என்று சொன்னால் பெரும்பாலும் பாஹோலும் கெர்னலும் பதிப்பில் ஒத்துப்போகவில்லை. பாஹோலைப் புதுப்பித்துப் பாருங்கள், பழைய கெர்னல் என்றால் அதன் ஸ்டேபிள் வரிசையில் வந்த கடைசிப் பதிப்புக்கு மாறுங்கள். பிடிஎஃப்பை அணைத்தாலும் கெர்னல் ஓடும். ஆனால் பிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதி) வழியாக இயங்கும் கண்காணிப்புக் கருவிகளில் பல இந்தத் தகவலை நம்பியிருப்பவை. அவற்றைப் பயன்படுத்துபவராக இருந்தால் அணைக்காதீர்கள்.

டீபக் தகவலே வேண்டாம் என்று முடிவு செய்பவர்களுக்கு ஒரு விஷயம். 5.18-இலிருந்து டீபக்_இன்ஃபோ என்பதை நேரடியாக அணைக்க முடியாது. பல தேர்வுகளில் ஒன்றை எடுக்கும் அமைப்பாக அது மாறிவிட்டது. டீபக்_இன்ஃபோ_நன் என்பதை இயக்க வேண்டும். பழைய குறிப்பைப் பார்த்து 'டிஸேபிள் டீபக்_இன்ஃபோ' கொடுத்தால், அடுத்த கணமே கேகான்ஃபிக் அதைத் திரும்ப இயக்கிவிடும்.

இத்தனை நேரம் காத்திருந்து தோற்பதைத் தவிர்க்கவும் வழி உண்டு. முழு பில்டைத் தொடங்கும் முன் 'மேக் ப்ரிப்பேர்' ஓட்டுங்கள். ஆப்ஜ்டூல் போன்ற உள்கருவிகள் அப்போதே கட்டப்படும், லிப்எல்ஃப் குறைவு சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். பிறகு 'மேக் செர்ட்ஸ்/' என்று அந்த ஒரே அடைவை மட்டும் கட்டலாம். ஒரு தனிக் கோப்பைக்கூட, அதன் '.ஓ' பெயரைக் கொடுத்துக் கட்டலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'மேக் க்ளீன்' போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சோர்ஸ் கோப்பிலும் எந்தெந்த கான்ஃபிக் பெயர்கள் வருகின்றன என்று 'ஃபிக்ஸ்டெப்' என்ற சிறிய நிரல் கம்பைலின்போதே குறித்து வைக்கிறது. ஓர் ஆப்ஷனை மாற்றினால் அந்தப் பெயரைச் சொல்லும் கோப்புகள் மட்டுமே மறுபடி கம்பைல் ஆகும். இந்த ஏற்பாட்டை நம்பலாம்.

இனி மூன்றாவது பிழை. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான், ஏனென்றால் இங்கே பிழைச் செய்தி எப்போதும் குற்றமற்ற ஒருவரையே கைகாட்டும்.

ஓர் ஆப்ஷன் 'ஒய்' என்றால் அது விஎம்லினக்ஸுக்குள் கட்டப்படுகிறது. 'எம்' என்றால் தனி மாட்யூல். மாட்யூல் எப்போது வேண்டுமானாலும் வரும், வராமலும் போகலாம். ஆகவே விஎம்லினக்ஸ் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். மாட்யூல் ஒன்று உள்ளே கட்டப்பட்ட ஃபங்ஷனை அழைக்கலாம். உள்ளே கட்டப்பட்டது மாட்யூலில் இருக்கும் ஃபங்ஷனை நேரடியாக அழைக்க முடியாது. அழைத்தால் லிங்க்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி) 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று நிற்கும். இதையே 'மாட்போஸ்ட்' (மாட்யூல்களைக் கடைசியில் சரிபார்க்கும் கருவி) சொன்னால் கதை வேறு: ஒரு மாட்யூல் கேட்கும் ஃபங்ஷனை யாரும் கட்டவே இல்லை, அல்லது கட்டியும் ஏற்றுமதி செய்யவில்லை. யார் சொல்கிறார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

என் அனுபவத்தில் இருந்து ஒன்றை நெருக்கமாகக் காட்டுகிறேன். ஒரு போர்டு தயாரிப்பாளர் தந்த கெர்னல் சோர்ஸில், ஒரு சென்சார் டிரைவரை 'ஒய்' ஆக மாற்றினேன். பில்ட் கடைசியில் நின்றது. 'ரெக்மேப்-ஐ2சி' என்ற கோப்பில் (ஐ2சி என்பது சென்சார் போன்ற சில்லுகளை இணைக்கும் பஸ்) 'ஐ2சி_டிரான்ஸ்ஃபர்' என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்றது லிங்க்கர். நான் ரெக்மேப்பைத் தொடவே இல்லை. முழு நாளும் ரெக்மேப் கோப்பையே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் முறையாகப் பின்னோக்கி நடந்தேன். ஐ2சி_டிரான்ஸ்ஃபர் ஐ2சி மையப் பகுதியில் இருக்கிறது. அதைக் கட்டுவது ஐ2சி என்ற ஆப்ஷன், என் .கான்ஃபிக்கில் அது 'எம்'. ரெக்மேப்-ஐ2சியைக் கட்டுவது எது? அந்த அடைவின் மேக்ஃபைலில் 'ஆப்ஜ்' என்று தொடங்கும் ஒரே வரி சொல்லிவிடும்: ரெக்மேப்_ஐ2சி. அது 'ஒய்'. ஆனால் கேகான்ஃபிக்கில் ரெக்மேப்_ஐ2சிக்கு 'டிபெண்ட்ஸ் ஆன் ஐ2சி' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஐ2சி 'எம்' என்றால் இதுவும் 'எம்' வரைதானே போகலாம், 'ஒய்' எப்படி ஆனது?

மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டுக் குறியைத் தட்டி ரெக்மேப்_ஐ2சி என்று தேடினால் 'செலக்டட் பை' என்று ஒரு வரி வரும். என் சென்சார் டிரைவரின் பெயர் அங்கே இருந்தது. அந்த டிரைவரின் கேகான்ஃபிக்கில் 'செலக்ட் ரெக்மேப்_ஐ2சி' என்று எழுதியவர், 'டிபெண்ட்ஸ் ஆன் ஐ2சி' என்ற ஒரு வரியை விட்டுவிட்டிருந்தார். செலக்ட் என்பது கட்டாயப்படுத்தும் சொல். அது தேர்ந்தெடுக்கும் ஆப்ஷனுக்கு என்னென்ன நிபந்தனை இருக்கிறது என்று பார்க்காது. டிரைவர் 'ஒய்' ஆனதும் ரெக்மேப்_ஐ2சியும் பிடரியைப் பிடித்துத் தள்ளப்பட்டு 'ஒய்' ஆனது. ஐ2சி பழையபடி 'எம்' ஆகவே நின்றது. விடுபட்ட அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஐ2சி மாட்யூலாக இருக்கும்வரை டிரைவரும் 'எம்' ஆக மட்டுமே வந்தது. ஐ2சியையும் 'ஒய்' ஆக்கியதும் நான் கேட்டது கிடைத்தது.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. சேமித்து வைத்திருந்த வெளியீட்டின் தொடக்கத்துக்குப் போனபோது, கான்ஃபிக் கட்டத்திலேயே எச்சரிக்கை வந்திருந்தது: 'அன்மெட் டைரக்ட் டிபென்டன்சீஸ் டிடெக்டட்', ரெக்மேப்_ஐ2சிக்கு; சார்ந்திருப்பது ஐ2சி, மதிப்பு எம்; தேர்ந்தெடுத்தது இந்த டிரைவர், மதிப்பு ஒய். விடை முழுவதும் முதல் பத்து வரிக்குள் இருந்தது. வெறும் எச்சரிக்கை என்பதால் பில்ட் நிற்காமல் ஓடியது, பின்னால் வந்த ஆயிரக்கணக்கான வரிகள் அதை மேலே தள்ளிவிட்டன. 'ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' (பழைய விடைகளை வைத்துக்கொண்டு, புதிய கேள்விகளுக்கு இயல்பான மதிப்பைப் போடும் கட்டளை) ஓட்டியபின் இந்த எச்சரிக்கை ஒன்றுகூட இருக்கக்கூடாது. இருந்தால் பில்டைத் தொடங்காதீர்கள், அதை முதலில் தீருங்கள்.

செலக்ட் இல்லாமலும் இதே ஓட்டை வரும். ஆம்-இல்லை என்று இரண்டே விடை கொண்ட ஓர் ஆப்ஷன், 'எம்' ஆக இருக்கும் ஒன்றைச் சார்ந்திருந்தால், கேகான்ஃபிக் அதை 'ஒய்' ஆக இயக்க அனுமதிக்கும். இரண்டு விடைக்குள் 'எம்' என்பதே கிடையாதே. டிகான்3 நெட்வொர்க் டிரைவரின் வெப்பநிலை ஆப்ஷனில் இதற்கான பூட்டைப் பார்க்கலாம். டிகான்3 வேண்டும், ஹெச்டபிள்யூமான் வேண்டும், ஆனால் டிகான்3 'ஒய்' ஆகவும் ஹெச்டபிள்யூமான் 'எம்' ஆகவும் இருக்கக்கூடாது என்று மூன்றாவதாக ஒரு நிபந்தனை எழுதியிருக்கும். முதல்முறை படிப்பவருக்கு விசித்திரமாகத் தெரியும் அந்த நிபந்தனை, இந்த லிங்க்கர் பிழைக்குப் போட்ட பூட்டுதான். 'டிபெண்ட்ஸ் ஆன் ஃபூ அல்லது ஃபூ இல்லை' என்ற வடிவத்தையும் நிறைய இடங்களில் பார்ப்பீர்கள். கேட்க அர்த்தமற்றது போல இருக்கும். ஆனால் ஃபூ 'எம்' ஆக இருந்தால் அந்தக் கோவையின் மதிப்பும் 'எம்' ஆகிறது, டிரைவர் 'ஒய்' ஆக முடியாமல் தடுக்கப்படுகிறது.

ஆகவே உங்கள் பிழையில் இரண்டு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிடைக்காத ஃபங்ஷன், அதைக் கேட்ட கோப்பு. ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று க்ரெப் செய்யுங்கள். இரண்டு கோப்புகளின் அடைவிலும் மேக்ஃபைலைப் பாருங்கள், இரண்டு ஆப்ஷன் கிடைக்கும். கேட்பது 'ஒய்', கொடுப்பது 'எம்' அல்லது அணைந்தது என்று இருக்கும். கொடுப்பதை 'ஒய்' ஆக்குங்கள், அல்லது கேட்பதை 'எம்' ஆக்குங்கள். மெயின்லைன் கெர்னலில், மெனுகான்ஃபிக் வழியாகவே இந்தச் சேர்க்கை கிடைத்தது என்றால் அது உங்கள் தவறில்லை, கெர்னலின் பிழை. கேகான்ஃபிக் அனுமதிக்கும் எந்தச் சேர்க்கையும் கட்டப்பட வேண்டும் என்பதே நியதி. ஆர்ண்ட் பெர்க்மான் போன்ற கெர்னல் டெவலப்பர்கள் ரேண்ட்கான்ஃபிக் (விடைகளைத் தற்செயலாகப் போடும் கட்டளை) ஓட்டி இப்படிப்பட்டவற்றைத் தேடித் தேடிச் சரிசெய்கிறார்கள். 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லும்; உங்கள் .கான்ஃபிக்கை இணைத்து அனுப்புங்கள்.

.கான்ஃபிக்கைக் கையால் திருத்துவதைப் பற்றியும் சொல்லவேண்டும். திருத்தலாம். ஆனால் மேக் தொடங்கும்போது கேகான்ஃபிக் கோப்பைத் திரும்பப் படித்து, விதிக்கு ஒத்துவராததைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். 'நான் ஒய் என்று போட்டேன், காணோம்' என்பதற்கு இதுவே காரணம். 'ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக்' கருவியும் விதிகளைச் சோதிக்காது, வரியை மட்டும் மாற்றும். இரண்டுக்குப் பிறகும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டி, நீங்கள் போட்டது நிற்கிறதா என்று க்ரெப் செய்து பாருங்கள். 'இஸ் நாட் செட்' என்று முடியும் வரிகள் முன்னால் எண் குறி இருப்பதால் குறிப்பு போலத் தெரியும், ஆனால் அவையும் விடைதான். அவற்றை அழித்தால் அந்தக் கேள்வி பதில் இல்லாமல் நிற்கும், இயல்பான மதிப்பு வந்து உட்காரும், அது 'ஒய்' ஆகவும் இருக்கலாம்.

ஆப்ஷன்கள் காணாமல் போவதற்கு இன்னொரு காரணம் கம்பைலர். 4.18-இலிருந்து கேகான்ஃபிக்கே கம்பைலரை ஓட்டி, எதற்கெல்லாம் ஆதரவு இருக்கிறது என்று கேட்கிறது. ஜிசிசியில் எழுதிய கான்ஃபிக்கை க்ளாங் என்ற இன்னொரு கம்பைலருக்குக் கொண்டுபோனால் சில ஆப்ஷன்கள் மறையும், சில தோன்றும். 6.1-இல் வந்த ரஸ்ட் ஆதரவும் இப்படித்தான்: சரியான ரஸ்ட் கம்பைலரும் பைண்ட்ஜென்னும் இல்லையென்றால் அந்த ஆப்ஷன் மெனுவிலேயே தெரியாது. 'மேக் ரஸ்ட்அவெய்லபிள்' என்ன குறை என்று சொல்லும். சமீபத்திய கெர்னல்களில் பிடிஎஃப்பும் இந்த வழிக்கு வந்துவிட்டது. பாஹோல் இல்லையென்றால் பில்ட் நிற்காது, பிடிஎஃப் இல்லாத கெர்னல் கிடைக்கும். ஆகவே கருவிகளை நிறுவிவிட்டு அதன்பிறகு கான்ஃபிக்கை ஓட்டுங்கள். வேறு ஆர்க்கிடெக்சருக்குக் கட்டுபவர்கள் 'ஆர்ச்=ஆர்ம்64' என்பதை ஒவ்வொரு கட்டளையிலும் கொடுக்க வேண்டும். மெனுகான்ஃபிக்கில் ஒருமுறை மறந்தாலும் போதும், கோப்பு முழுவதும் உங்கள் கணினியின் ஆர்க்கிடெக்சருக்கு மாற்றி எழுதப்பட்டுவிடும்.

கம்பைல் நடுவில் எச்சரிக்கையே பிழையாக மாறி நின்றால் வெரர் என்ற ஆப்ஷனைப் பாருங்கள். 5.15-இல் வந்தது. புதிய கம்பைலர் புதிதாக ஓர் எச்சரிக்கையைக் கற்றுக்கொண்டு வந்திருக்கும், வெரர் அதைப் பிழையாக்கும். டெவலப்பராக இல்லாதவர் அணைத்துவிடலாம். ஆனால் 'ஃப்ரேம் சைஸ்' பெரிது என்ற எச்சரிக்கை வந்தால் மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். 64 பிட்டில் எல்லை இயல்பாக 2048 பைட்; மெமரிப் பிழைகளைத் தேடும் கேசான் போன்ற சோதனை ஆப்ஷனை இயக்கினால் ஸ்டாக் உபயோகம் கூடி இதைத் தாண்டும். அப்போது கேசான் உண்மையில் உங்களுக்கு வேண்டுமா என்று பாருங்கள்.

எதற்கும் பிடிபடாத பிழைக்குக் கடைசி ஆயுதம் ஒப்பீடு. கட்டப்படும் கான்ஃபிக் ஒன்று, கட்டப்படாதது ஒன்று என்று இரண்டு உங்களிடம் இருந்தால், 'டிஃப்கான்ஃபிக்' ஸ்கிரிப்ட் வேறுபாட்டை மட்டும் காட்டும். சாதாரண டிஃப்பைவிடப் படிக்க எளிது. வேறுபாடு பத்து இருபது என்றால் கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஆயிரம் என்றால் கேடெஸ்ட் அடைவில் இருக்கும் 'கான்ஃபிக்-பைசெக்ட்' ஸ்கிரிப்ட் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுக்கும். ஆயிரத்துக்குப் பத்துச் சுற்று அளவில் முடியும். ஆப்ஷன்கள் ஒன்றையொன்று இழுப்பதால் ஓரிரண்டு சுற்று கூடலாம்.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது. குருட்டாம்போக்கில் அணைத்த அந்த .கான்ஃபிக்கைத் தூக்கிப் போடுங்கள், அதைச் சீர்படுத்த முயல வேண்டாம். லிப்எல்ஃப், ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர்கள், பாஹோல், இஸட்ஸ்டாண்டர்டு, ஃப்ளெக்ஸ், பைசன், பிசி எல்லாவற்றையும் நிறுவுங்கள். பூட் அடைவிலிருந்து கான்ஃபிக்கைப் புதிதாக நகலெடுங்கள். சான்றிதழ் ஆப்ஷன் இரண்டையும் வெறுமையாக்குங்கள். ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டி, நகலோடு டிஃப்கான்ஃபிக்கால் ஒப்பிட்டு, என்ன மறைந்தது என்று படியுங்கள். மேக் ப்ரிப்பேர், செர்ட்ஸ் அடைவு, பிறகு முழு பில்ட், வெளியீடு கோப்புக்கு.

நேரத்தைக் குறைக்க ஆசைப்பட்டுத்தானே அணைக்கத் தொடங்கினீர்கள்? அதற்கு 'லோக்கல்மாட்கான்ஃபிக்' இருக்கிறது. இப்போது கெர்னலில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களைப் பார்த்து, மற்றவற்றை விதி மீறாமல் அணைத்துத் தரும். பல ஆயிரம் மாட்யூல்கள் சில நூறாகக் குறையும். ஓட்டும் முன் நீங்கள் பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகி, ஏற்றிவிடுங்கள்: பென்டிரைவ், வெப்கேம், விபிஎன், ப்ளூடூத் ஹெட்செட். அந்த நேரத்தில் ஏற்றப்படாத டிரைவர் புதிய கெர்னலில் இருக்காது. சிலவற்றை மொத்தமாகக் காப்பாற்ற 'எல்எம்சி_கீப்' என்ற மாறியில் அடைவுகளைக் கொடுக்கலாம். நான் டிரைவர்ஸ்/யூஎஸ்பியையும் எஃப்எஸ்ஸையும் எப்போதும் அதில் போட்டுவிடுவேன்.